கூடாரத்தை அரித்த பூஞ்சணம்

மாரிமழை தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின்னர், நெடுநாள் மூடியிருந்த துணிப்பெட்டியைத் திறந்தால், மடித்து வைத்த வேட்டியின் ஓரத்திலே கரும்புள்ளிகள் காணப்படும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று சொல்லி அதனை உதறி வெயிலிலே போடுவது நம் வீடுகளில் வழக்கம். சில வேளை வெயில் உதவும். சில வேளை துணி விரலோடு கிழிந்து வரும். பருத்தித் துணியை இவ்வாறு உண்டு வாழும் உயிரினத்தை நாம் பகையாகவே எண்ணி வந்திருக்கின்றோம். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும், அப்பகையினத்துள் ஒன்று, சென்ற எண்பது ஆண்டுகளுக்குள், உலகத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓயாது உழைக்கும் வேலையாளாக மாறிவிட்டது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அவ்வேலையாளின் உடலுள் எழுதப்பட்டிருந்த பரம்பரை ஏட்டினை அறிஞர் வாசித்தபோது யாது கண்டனர் என்பனவே இவ்வுரையின் பொருள்.

பசிபிக் மாகடலிலே, சொலமன் தீவுக் கூட்டத்தின் வடமேற்கு முனையில், பூகன்வில் என்னும் தீவு உளது. நம் வீட்டு வேலிகளிலே செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும் போகன்விலாவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக் கடலோடியின் பெயரே இத்தீவுக்கும் வழங்குகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் வசமிருந்த இத்தீவிலே, 1943 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி அமெரிக்கப் படைகள் கரையிறங்கின. எதிரியின் குண்டை எதிர்பார்த்து வந்த படைக்கு வேறொரு பகையும் அங்கே காத்திருந்தது. இடைவிடாத மழையும் புழுக்கமும் நிறைந்த அக்காட்டிலே, கூடாரத் துணிகளும், இடைவார்களும், உடைகளும், மணல்மூட்டைகளும் உளுத்துப்போயின. பருத்தியால் ஆன எப்பொருளும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஒரு பேரரசின் படை துணி உளுத்தலால் இடர்ப்படுவது சிறு செய்தியன்று. ஆகவே அமெரிக்கப் படைப்பொருள் வழங்கற் பிரிவினர், வெப்ப நாடுகளிலே பொருள்கள் அழியுங் காரணத்தை ஆராய்வதற்கென ஆய்வுகூடம் ஒன்றைப் பிலடெல்பியா நகரில் அமைத்தனர். உளுத்துப்போன பொருள்களின் துண்டுகள் அங்கே அனுப்பப்பட்டன. அவற்றில் வாழ்ந்த பங்கசுகளைப் பிரித்தெடுத்து, இலக்கமிட்டு, கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து வைத்தார்கள். ஆயிரக்கணக்காகச் சேர்ந்த அக்குழாய்களுள் ஒன்றிற் கிடந்தது, 1944 ஆம் ஆண்டிலே பூகன்வில் தீவின் உளுத்த கூடாரத் துணியினின்று எடுக்கப்பட்ட பச்சைப் பூஞ்சணம். கியூ.எம். 6ஏ என்பது அதற்கிட்ட குறி. அக்குறியின் முதலிரண்டு எழுத்துகளும் படைப்பொருட் பிரிவின் ஆங்கிலப் பெயரைச் சுட்டுவன.

இவ்விடத்திலே, பூஞ்சணம் துணியை உண்பது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். பருத்தி நூல் ஏறத்தாழ முழுவதும் செலுலோசு என்னும் பொருளால் ஆனது. மரத்திலும் வைக்கோலிலும் காகிதத்திலும் இருப்பது அதுவே. குளுக்கோசு என்னும் வெல்லத்தின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட சங்கிலிகளாகி, அச்சங்கிலிகள் கயிற்றுப் புரிகள்போல நெருங்கிப் பிணைந்து நிற்பதே செலுலோசு. வெல்லம் நீரிற் கரையும். அதனாலான செலுலோசோ கரையாது. நாம் வைக்கோலைத் தின்று பசியாற முடியாமைக்குக் காரணம், அச்சங்கிலியை அறுக்குங் கருவி நம் குடலில் இல்லாமையே. பூஞ்சணத்திடம் அக்கருவி உண்டு. அது நொதியங்கள் எனப்படும் புரதங்களைத் தன் இழைகளினின்று வெளியே சுரந்து, துணியை இருந்த இடத்திலேயே வெல்லமாக்கி, பின்னர் அவ்வெல்லத்தை உறிஞ்சிக்கொள்ளும். சமையலை வெளியிலே முடித்து உணவை உள்ளே கொள்ளும் உயிர் அது.

படையினர் ஆய்வுகூடத்துக்கு இட்ட பணி இவ்வழிவைத் தடுப்பது. ஆனால் தடுக்க விரும்புபவன் முதலில் அழிவின் முறையை அறியவேண்டும் அன்றோ? அவ்வாய்வில் ஈடுபட்டவர் எல்வின் றீஸ் என்பவர். அவர் ஒரு புதிரைக் கண்டார். பல பங்கசுகள், மனிதரால் முன்னரே பதப்படுத்தப்பட்ட செலுலோசை எளிதில் உண்டன. ஆனால் இயற்கையான பருத்தியைத் தொட இயலாது நின்றன. மிகச் சிலவே இரண்டையும் உண்டன. இதிலிருந்து 1950 ஆம் ஆண்டிலே றீசும் அவருடைய துணைவர்களான சியூ, லெவின்சன் என்போரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். செலுலோசை அழிப்பது ஒரு நொதியம் அன்று. இறுகப் பிணைந்த புரிகளை முதலில் ஒன்று தளர்த்த, தளர்ந்தவற்றை மற்றவை அறுக்கின்றன என்பதே அவர்கள் கொண்ட முடிபு. தளர்த்தும் அம்முதற் காரணி யாது என்பதை அவர்களாற் காட்ட முடியவில்லை. எனினும் ஆய்வு அழிவைத் தடுக்கும் வழியை விட்டு, அழிவின் அழகை வியக்கும் வழியிற் சென்றுகொண்டிருந்தது.

1950களில் ஆய்வுகூடம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நேற்றிக் என்னும் ஊருக்கு மாறியது. அங்கே றீசுடன் சேர்ந்து உழைத்தவர் மேரி மண்டெல்ஸ் அம்மையார். எந்த உணவைக் கொடுத்தால் பூஞ்சணம் நொதியத்தை மிகுதியாகச் சுரக்கும், எதனைக் கொடுத்தாற் சுரப்பதை நிறுத்தும் என்பவற்றை இவ்விருவரும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். வடிதாளின் சிறு கீற்றைப் பூஞ்சண நீரில் இட்டு, அக்கீற்றினின்று எவ்வளவு வெல்லம் உண்டாகின்றது என்று பார்ப்பது அவர்களுடைய அளவைமுறை. அவ்வளவையே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. சேகரத்திலிருந்த பங்கசுகளை ஒப்பிட்டபோது, இயற்கைச் செலுலோசை அழிப்பதில் மேம்பட்டு நின்றது பூகன்வில் கூடாரத்துப் பூஞ்சணம். தொடக்கத்தில் அதனை டிரைக்கோடேர்மா விரிடே என்னும் இனத்தோடு சேர்த்து எண்ணினர். அது வேறினம் என்று தெளிந்த சிமன்ஸ் என்னும் அறிஞர், 1977 ஆம் ஆண்டிலே அதற்கு டிரைக்கோடேர்மா றீசி என்று பெயரிட்டார். தான் அழிக்க அமர்த்தப்பட்ட பகையின் பெயரிலேயே ஓர் அறிஞரின் பெயர் நிலைபெற்றமை விந்தையே.

இதற்கிடையில் 1973 ஆம் ஆண்டிலே எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருள் விலை பன்மடங்கு உயர்ந்தது. பழைய செய்தித்தாளையும் வைக்கோலையும் வெல்லமாக்கி, அவ்வெல்லத்தைப் புளிக்கவைத்து மதுசாரமாக்கினால் அதனை எரிபொருளாகக் கொள்ளலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றது. படைக்கூடாரத்தை அரித்த அதே ஆற்றல் இப்பொழுது வேண்டப்பட்டது. ஆனால் மிகுதியாக வேண்டப்பட்டது.

மிகுவிப்பது எவ்வாறு? அக்காலத்தில் அறிந்த வழி ஒன்றே. பூஞ்சணத்தின் வித்திகள்மீது கதிர்களைப் பாய்ச்சி, அல்லது நச்சு இரசாயனங்களை இட்டு, அவற்றின் பரம்பரை எழுத்துகளைச் சிதைப்பது. பிழைத்த இலட்சக்கணக்கானவற்றுள் மிகுதியாகச் சுரப்பதைத் தேடி எடுப்பது. அதனை மீண்டும் சிதைப்பது. நேற்றிக் ஆய்வாளர் மிகு விரைவுடைய இலத்திரன் கதிர்களைப் பயன்படுத்தினர். நியூ ஜேர்சியிலுள்ள றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்து எவெலி, மொண்டனிகோர்ட் என்னும் இருவரும் 1970களின் பிற்பகுதியிலே, முதலில் ஊதாக் கடந்த கதிராலும், அடுத்து இரசாயனத்தாலும், மூன்றாவதாக மீண்டும் ஊதாக் கடந்த கதிராலும் தாக்கி, றட்-சி30 என்னும் வகையைப் பெற்றனர். குளுக்கோசு நிறைந்திருக்கும்போது சாதாரணப் பூஞ்சணம், உணவு கிடைத்துவிட்டது என்று நொதியம் சுரப்பதை நிறுத்திவிடும். இவ்வகையோ அவ்வாறு நிறுத்தவில்லை. மூலப் பூஞ்சணத்தைவிடப் பன்மடங்கு நொதியத்தை அது சுரந்தது. அதன் வழியிலும் பிற வழிகளிலும் பின்னர் வந்த தொழில் வகைகள் ஒரு லீற்றர் நீரில் 100 கிராமுக்கும் மேற்பட்ட புரதத்தைச் சுரப்பனவாயின.

ஆயினும் இஃது இருட்டறையிலே கல்லெறிந்து மாங்காய் வீழ்த்துவது போன்றதே. வீழ்ந்தது மாங்காய் என்பது தெரிந்தது. அதனோடு எத்தனை கிளைகள் முறிந்தன என்பது எவருக்கும் தெரியவில்லை. அதனை அறிய வேண்டுமாயின் பூஞ்சணத்தின் பரம்பரை ஏடு முழுவதையும் வாசித்தல் வேண்டும்.

உயிர்களின் கலங்களிலே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் அது. அந்நூலின் ஒரு பகுதி ஒரு புரதத்தை ஆக்கும் விதியைக் கூறுமாயின், அதனைப் பரம்பரையலகு என்போம். நூல் முழுவதையும் பரம்பரையலகுத் தொகுதி எனலாம். பங்கசுகளுள் முதன்முதலாக முழுவதும் வாசிக்கப்பட்டது அப்பத்துக்கும் மதுவுக்கும் உதவும் மதுவம். அது 1996 ஆம் ஆண்டில். அதன் பின் யப்பானியர் சோயா அவரையைப் புளிக்கவைக்கும் பூஞ்சணத்தின் ஏடு 2005 ஆம் ஆண்டிலும், எலுமிச்சையமிலத்தைத் தொழின்முறையில் ஆக்கும் கரும்பூஞ்சணத்தின் ஏடு 2007 ஆம் ஆண்டிலும் வெளியாயின. 2008 ஆம் ஆண்டிலே கூடாரத்துப் பூஞ்சணத்தின் முறை வந்தது. அமெரிக்க வலுத் திணைக்களத்தின் கூட்டு ஆய்வுநிலையமும் பல நாட்டு அறிஞரும் சேர்ந்து கியூ.எம். 6ஏ வகையை வாசித்தனர். ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் எழுத்துகள். அவற்றுள் 9,129 பரம்பரையலகுகள் எனக் கணித்தனர். பின்னர் 2017 ஆம் ஆண்டிலே இடைவெளியின்றி வாசித்தபோது, அவை ஏழு நிறமூர்த்தங்களிற் பங்கிடப்பட்டிருத்தல் தெளிவாயிற்று.

வாசித்தவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. செலுலோசை அழிப்பதிலே இத்துணைப் பேராற்றல் உடைய உயிரிடம் அதற்கான பரம்பரையலகுகள் மிகப் பலவாக இருக்கும் என்றே யாவரும் நினைத்தனர். உண்மையிலோ, செடிகளின் கலச்சுவரை உண்ணும் பங்கசுகளுள் அதுவரை வாசிக்கப்பட்ட எதனிலும் குறைவாகவே அவை இதனிடம் இருந்தன. கருவிப்பெட்டி சிறிது, ஆனால் உள்ள சில கருவிகளை அளவின்றிப் படைக்கும் வன்மை பெரிது. அவ்வன்மைக்கு விளக்கம் ஏட்டிலே கிடைத்ததா என்றால், மிகச் சிறிதே கிடைத்தது என்று அவ்வறிஞர்களே தம் கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். எழுத்துகள் யாவற்றையும் அறிந்தமையால் நூலின் பொருள் முழுவதும் விளங்கிவிடுவதில்லை.

கருவிகள் குறைந்தமைக்குக் காரணம் பின்னர் ஓரளவு புலப்பட்டது. 2011 ஆம் ஆண்டிலே இதன் உறவினங்கள் இரண்டின் ஏடுகளோடு ஒப்பிட்டபோது, டிரைக்கோடேர்மா இனத்தின் முன்னோர் மரத்தை உண்டு வாழ்ந்தவை அல்ல. மற்றப் பங்கசுகளைத் தாக்கி உண்டு வாழ்ந்தவை என்று தெரிந்தது. மரத்தை உளுக்கச் செய்யும் பங்கசுகளைத் தொடர்ந்து சென்ற வேட்டைக்காரன், காலப்போக்கில் அம்மரத்தையே உணவாகக் கொள்ளப் பழகியிருக்கின்றான். செலுலோசை அறுக்கும் பரம்பரையலகுகள் பலவற்றையும், தான் இரையாக்கிய பங்கசுகளிடமிருந்தே இவ்வினம் பெற்றுக்கொண்டது என்பதற்குச் சான்றுகள் 2018 ஆம் ஆண்டில் வெளியாயின. நம் கூடாரத் திருடன் தன் கருவிகளையும் பிறரிடமே எடுத்திருந்தான்.

மனிதர் இருட்டிலே எறிந்த கற்களின் கணக்கும் வெளிப்பட்டது. 2009 ஆம் ஆண்டிலே, றட்-சி30 வகையின் ஏட்டையும் அதன் முன்னோரின் ஏட்டையும் ஒப்பிட்டபோது, தனி எழுத்து மாறிய இடங்கள் 223, சிறு சேர்ப்பும் நீக்கமும் 15, பெரும் நீக்கங்கள் 18 என்று கண்டனர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் முற்றாக அழிந்திருந்தன. இவற்றுள் ஒன்றின் பயன் முன்னரே தெரிந்தது. குளுக்கோசு உள்ளபோது நொதியச் சுரப்பை அடக்கும் காவலனாகிய சிஆர்ஈ1 என்னும் பரம்பரையலகு இவ்வகையிலே முறிந்திருப்பதை 1996 ஆம் ஆண்டிலேயே அறிஞர் கண்டிருந்தனர். மற்ற மாற்றங்களுட் சில நன்மை செய்தன. சில தீமை செய்தன. பல யாதும் செய்யவில்லை. இன்று வேண்டிய எழுத்தை மட்டும் மாற்றும் வழி அறிஞர் கையில் உண்டு. எதனை மாற்றுவது என்பதை அவர்களுக்குக் காட்டியது பழைய ஆய்வாளரின் குருட்டு வெற்றியே என்பதை மறத்தல் ஆகாது.

இன்னுமொரு செய்தி, ஏட்டை வாசித்தமையால் மட்டுமே தெரியவந்தது. பயிர்களை மேம்படுத்துவோர் நல்ல இரண்டினைக் கலந்து மூன்றாவதைப் பெறுவர். இப்பூஞ்சணத்தோடு அவ்வாறு செய்ய அறுபது ஆண்டுகளாக இயலவில்லை; இது கலந்து இனம்பெருக்கும் ஆற்றலற்றது என்றே எண்ணியிருந்தனர். ஏட்டைப் பார்த்தபோது அதனிடம் கலப்புக்குரிய இரு பால் வகைகளுள் ஒன்றற்கான பரம்பரையலகு உளது என்று வியன்னா நகரத்து அறிஞர் கண்டனர். எதிர்ப்பால் உடைய காட்டு வகை ஒன்றோடு சேர்த்து வளர்த்தனர். கனியுடலங்கள் தோன்றின. 2009 ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. கூடாரத்துப் பூஞ்சணம் மலடன்று. 1944 ஆம் ஆண்டு தொடக்கம் துணையின்றிக் கண்ணாடிக் குழாயிலே தனித்திருந்தது, அவ்வளவே. ஆயினும் நெடுங்காலத் தனிமை அதற்கு ஒரு குறையை விளைத்திருந்தது. தந்தையாகும் ஆற்றல் அதற்கு இருந்தது. கனியுடலத்தைத் தாங்கும் தாயாகும் ஆற்றல் இல்லை. அக்குறைக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டு, 2015 ஆம் ஆண்டிலே அதனைத் திருத்தியும் காட்டினர்.

1950 ஆம் ஆண்டிலே றீஸ் விட்டுச்சென்ற புதிரை இங்கே நினைவுகூர்தல் தகும். புரிகளை முதலில் தளர்த்தும் காரணி யாது? பங்கசுகளின் ஏடுகளிலே, வலிகுன்றிய நொதியங்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒருவகைப் புரதங்களின் விதிகள் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. றீசியின் ஏட்டிலும் அவை இருந்தன. இவற்றுக்கு ஒப்பான புரதம் ஒன்று, நண்டோட்டிலுள்ள கைற்றின் என்னும் இறுகிய பொருளை ஒட்சியேற்றத்தால் வெட்டித் தளர்த்துவதை 2010 ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு அறிஞர் கண்டனர். பங்கசுப் புரதங்களும் செம்பின் துணையோடு செலுலோசின்மீது அவ்வாறே தொழிற்படுகின்றன என்பது அடுத்த ஆண்டிலே உறுதியாயிற்று. றீஸ் எண்ணிய முதற் காரணி அப்படியே இதுதான் என்று சொல்லிவிடுதல் கடினம். ஆனால் தளர்த்துதல் ஒன்று, அறுத்தல் மற்றொன்று என்ற அவருடைய உள்ளுணர்வு அறுபது ஆண்டுகள் கழித்து மதிப்புப் பெற்றது.

இத்துணை உழைப்பின் பயன் யாது என்று கேட்பது நியாயமே. டெனிம் எனப்படும் முரட்டு நீலத்துணியை நுரைக்கற்களோடு உருட்டி வெளிறச் செய்த ஆலைகள், 1980களின் பிற்பகுதி தொடக்கம் கல்லுக்குப் பதிலாகச் செலுலோசு நொதியங்களைக் கையாளத் தொடங்கின. கால்நடைத் தீவனம், சலவைத்தூள், பழச்சாறு, காகிதம் ஆகியவற்றின் ஆக்கத்திலும் இவற்றுக்கு இடமுண்டு. ஆனால் வைக்கோலிலிருந்து எரிபொருள் என்ற பெருங்கனவு எளிதில் நனவாகவில்லை. 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே அமெரிக்காவில் ஆரவாரத்தோடு திறக்கப்பட்ட பேராலைகள் சில, இரண்டொரு ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. தாள்களைச் சேர்த்துக் கொணர்வதும், மரச்சத்தை நீக்குவதும், செலவை எண்ணெய் விலைக்குக் கீழே கொணர்வதும் பூஞ்சணத்தின் ஏட்டில் எழுதப்படாத இடர்கள்.

பூகன்வில் தீவினரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஒரு நாட்டின் உயிர்வளத்தைப் பயன்படுத்துவோர் அதன் ஊதியத்தை அந்நாட்டோடு பகிர்தல் வேண்டும் என்னும் கொள்கை, 1992 ஆம் ஆண்டின் உயிரினப் பன்மை உடன்படிக்கையால் உலக விதியாயிற்று. அதற்கு 48 ஆண்டு முன்னரே அப்பூஞ்சணம் கடல் கடந்து போயிருந்தது. இன்று தொழிற்சாலைகளில் வளரும் றீசி வகைகள் யாவும் அவ்வொரு துண்டுத் துணியின் வழித்தோன்றல்களே. தீவினருக்கு அதனால் ஏதும் கிட்டுதற்கு வழி வைக்கப்படவில்லை. விதி இல்லாத காலத்திலே நடந்ததாயினும், கணக்கிலே அது குறிக்கப்படாமல் விடத்தக்கதன்று.

இவ்வரலாற்றிலே என் மனத்தைப் பெரிதும் தொடுவது ஒரு சிறிய செயல். போர் முடிந்தது, கூடாரங்கள் சுருட்டப்பட்டன, உளுத்த துணிகளை எரித்துவிட்டனர். ஆனால் எவரோ ஒருவர், பயனற்றதும் தீயதுமான ஒரு பூஞ்சணத்தைக் குழாயிலே இட்டு, இலக்கம் எழுதி, வாடாமற் காலந்தோறும் புதுக்கி வந்தார். அவர் பின் வேறொருவர் அவ்வாறே செய்தார். அதனை வாசிக்கும் கலை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நூல் பேணப்பட்டிருந்தது. குழாயை ஒருநாள் வெறுமையாக்கிக் கழுவி வைத்திருந்தால், இன்று நாம் பேசும் இத்தொழிலும் இவ்வறிவும் இல்லை. அடுத்த மாரியிலே பெட்டியைத் திறந்து துணியை உதறும்போது, அங்கே தோன்றும் கரும்புள்ளியையும் ஒருகணம் உற்று நோக்கலாம். நாம் உதறித் தள்ளுவனவற்றுள் இன்னும் வாசிக்கப்படாத ஏடுகள் எத்தனையோ உள.